விரல்ரேகையில் அறிவுத்திறன்: 350 ரிங்கிட்டுக்கு ஓர் அறிக்கை

சுங்கை சிப்புட் கடைவீதியில், ஒரு டியூஷன் நிலையத்தின் மேல்மாடியில் விரல்ரேகையை வைத்துப் பிள்ளையின் அறிவுத்திறனைக் கணிப்பதாகச் சொல்லி நடத்தப்படும் சோதனைக்கு, தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு பயிலும் என் மகளைச் சென்ற பள்ளி விடுமுறையில் அழைத்துச் சென்றேன். கட்டணம் 350 ரிங்கிட். பணியாளர்கள் கனிவாகவே பேசினார்கள். பிள்ளைக்கு மைலோவும் கொடுத்தார்கள். குறையெல்லாம் இரண்டு வாரம் கழித்து வந்த வண்ண அறிக்கையில்தான்.

இசைத்திறன் 16 விழுக்காடு, மொழித்திறன் 9 விழுக்காடு என்று எட்டுத் திறன்களை அதில் பங்கிட்டிருந்தார்கள். அறிவுத்திறன் ஒன்றல்ல, தனித்தனியான பல திறன்கள் என்று அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் முன்வைத்த பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டைத் தழுவிய பட்டியல் அது. ஒருவகைச் சோதனையில் நன்றாகச் செய்பவர் மற்றவற்றிலும் பெரும்பாலும் நன்றாகவே செய்வதைக் கண்டு, அனைத்துக்கும் அடியில் ஒரு பொதுத்திறன் உண்டென ஆங்கிலேய உளவியலாளர் ஸ்பியர்மன் 1904இலேயே வாதிட்டிருந்ததால், கார்ட்னரின் பிரிவினையை ஏற்காத உளவியலாளர் பலர். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆயினும் இரு தரப்பாரும் திறனை விரல்நுனியில் தேடவில்லை. தேடிப் பார்த்தவர் ரேகை ஆய்வின் முன்னோடியான பிரான்சிஸ் கால்டன். பேரறிஞர்களின் ரேகைகளையும் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியோரின் ரேகைகளையும் ஒப்பிட்டு, ஆற்றலுக்கான அடையாளம் எதுவும் அவற்றில் தென்படவில்லை என்று 1892இல் எழுதிவிட்டார்.

மூளையும் ரேகையும் கருவில் ஒரே காலத்தில் உருவாகின்றன என்று ஆலோசகர் விளக்கினார். காதும் மூக்கும்கூட அங்கேதான் உருவாகின்றன.

முறையான நுண்ணறிவுச் சோதனையில் பயிற்சி பெற்ற உளவியலாளர் பிள்ளையுடன் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து, சொற்பொருள் கேட்டு, கட்டைகளை அடுக்கச் சொல்லி, நினைவாற்றலையும் வேகத்தையும் பார்ப்பார். அவ்வகையில் பரவலாகப் பயன்படும் வெக்ஸ்லர் சோதனையில் அதே வயதினரின் சராசரி 100. மூன்றில் இரு பங்கினர் 85க்கும் 115க்கும் இடையில் இருப்பார்கள். அளவீட்டில் பிழை நேரும் என்பதால் மதிப்பெண்ணோடு ஒரு வரம்பையும் குறிப்பார்கள். அதிலும், தமிழில் சிந்திக்கும் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் கேட்டால் அளக்கப்படுவது ஆங்கிலமாகிவிடும்.

இங்கோ என் மகள் ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "ரேகை மாறாது, வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும்" என்பதையே சிறப்பாகச் சொல்கிறார்கள். உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியவே 1905இல் தம் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கிய பிரெஞ்சு உளவியலாளர் பினே, அறிவு மாறாத அளவு என்னும் எண்ணத்தைக் கடுமையாக எதிர்த்தவர். அறிக்கையைப் பார்த்த அன்றிரவு, "எனக்குக் கட்டுரை எழுத வராதாம்மா?" என்று மகள் கேட்டாள்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். அறிக்கையின் கடைசிப் பக்கம் அவளுக்குக் கீபோர்ட் வகுப்பைப் பரிந்துரைக்கிறது. அவ்வகுப்பு அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், அதே நிர்வாகத்தின்கீழ் நடக்கிறது.