கிளிஃப்டன் ஸ்ட்ரெங்த்ஸ்: உங்களை உங்களோடு மட்டும் அளக்கும் தேர்வு

திறமையை அளப்பதாகச் சொல்லும் தேர்வுகளில் பெரும்பாலானவை ஒரே வேலையைத்தான் செய்கின்றன: எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, அதில் நீங்கள் எத்தனையாவது ஆள் என்று சொல்கின்றன. கருத்துக்கணிப்புகளுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனமான கேலப்பின் கிளிஃப்டன் ஸ்ட்ரெங்த்ஸ் அந்த வழியில் போவதில்லை. 34 இயல்புகளை எடுத்துக்கொண்டு, அவை உங்களுக்குள் எந்த வரிசையில் அமைந்திருக்கின்றன என்று மட்டும் அடுக்கிக் காட்டுகிறது. ரிப்போர்ட்டில் மதிப்பெண்ணும் இல்லை, தேர்ச்சியும் இல்லை. கடவுள் தனக்குக் கொடுத்ததைக் கவனிக்காமல், அடுத்தவருக்குக் கொடுத்ததைப் பார்த்தே ஏங்குகிறவருக்கு நல்ல கருவி. ஆனால் ரிப்போர்ட் கைக்கு வந்த உடனே அதை வைத்தே ஒப்பிடத் தொடங்குகிறவர்களும் நிறைய. அதனால் எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

உளவியலாளர் டொனால்ட் கிளிஃப்டன் உருவாக்கிய தேர்வு இது. முன்பு ஸ்ட்ரெங்த்ஸ்ஃபைண்டர் என்ற பெயரில் இருந்தது. இணையத்தில்தான் எழுத வேண்டும். மொத்தம் 177 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி. திரையின் இடது ஓரத்தில் ஒரு வாக்கியம், வலது ஓரத்தில் இன்னொன்று. எது உங்களை அதிகம் சொல்கிறது, எந்த அளவுக்குச் சொல்கிறது என்று இடையிலுள்ள ஐந்து இடங்களில் ஒன்றைத் தொட வேண்டும். இரண்டும் எதிரெதிரானவையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ‘புது ஆட்களோடு பேசப் பிடிக்கும்’, ‘வேலையைப் பட்டியல் போட்டு முடிக்கப் பிடிக்கும்’ என்ற மாதிரி இரண்டுமே உண்மையாக இருக்கும். ஆனாலும் ஒன்றின் பக்கம் சாய வேண்டும். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும். ஆனால் எது உங்களிடம் முந்தி வருகிறது என்பது இந்த இடத்தில்தான் தெரிகிறது.

தேர்வு கெடுவதும் இங்கேதான். முடிவு செய்ய முடியாமல் நடுப்புள்ளியையே தொட்டுக்கொண்டு போனால், வரிசைக்கு அர்த்தம் இல்லாமல் போகும். அதைவிடப் பெரிய கோளாறு, ஆக விரும்பும் ஆளாகப் பதில் சொல்வது. மேடையில் வெளுத்து வாங்கும் நண்பரை மனதில் வைத்துக்கொண்டு எழுதினால், வருகிற ரிப்போர்ட் உங்களுடையதாக இருக்காது. நேர வரம்பு வைத்திருப்பதே இந்த யோசனைக்கு இடம் கொடுக்காமல் இருக்கத்தான். களைப்பாக இருக்கும்போது உட்கார வேண்டாம். போனை அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு, முதலில் தோன்றுவதைத் தொட்டு நகருங்கள். கிடைக்கும் மொழிகளில் உங்களுக்குச் சரளமானதையே தேர்ந்தெடுங்கள். வாக்கியத்தைப் புரிந்துகொள்ளவே 15 விநாடி போனால், பதில் சொல்ல எதுவும் மிஞ்சாது.

பாட்டு, ஓவியம், கணக்கு போன்ற திறமைகளை இது அளப்பதில்லை. அதை எதிர்பார்த்துப் பணம் கட்டுகிறவர் ஏமாந்துபோவார். நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள், எப்படிப் பழகுகிறீர்கள், எதைப் பார்த்தால் கை தானாக வேலைக்குப் போகிறது என்பதைத்தான் பார்க்கிறது. அதுவும் உங்கள் வாய்மொழியை நம்பி. 34 இயல்புகளும் நான்கு கூறுகளாகப் பிரிந்திருக்கின்றன: செயலாற்றுவதில் ஒன்பது, பிறரை ஈர்ப்பதில் எட்டு, உறவு வளர்ப்பதில் ஒன்பது, சிந்திப்பதில் எட்டு. முதல் ஐந்தும் ஒரே கூறில் வந்துவிட்டதே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. அது குறையே இல்லை. எல்லா வேலையையும் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

ரிப்போர்ட்டைப் படிக்கும் விதத்தில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். உங்களுக்கு ‘எம்பதி’ மூன்றாவது, தங்கைக்குப் பதினைந்தாவது என்றால், அவரைவிட உங்களுக்குப் பிறர் மனம் அதிகம் புரியும் என்று சொல்ல முடியுமா? முடியாது. உங்கள் மூன்றாவது உங்களுடைய மற்ற 33 இயல்புகளோடு வைத்துப் பார்த்தது. அவருடைய பதினைந்தாவது அவருடையவற்றோடு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க வழியே இல்லை. அதேபோல, ஐந்தாவது இடத்துக்கும் ஆறாவது இடத்துக்கும் இடையே உள்ள தூரத்தையும் ரிப்போர்ட் காட்டுவதில்லை. அது மயிரிழையாகவும் இருக்கலாம். முதல் ஐந்தை மட்டும் தரும் ரிப்போர்ட்டை வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். 34 இயல்புகளில் ஐந்தை எடுத்து வரிசைப்படுத்த 3,33,90,720 வழிகள் இருக்கின்றன. உங்கள் வரிசையை இன்னொருவரிடம் தேடுவது வீண் வேலை.

இந்தப் பட்டியலிலேயே ‘காம்பெட்டிஷன்’ என்று ஓர் இயல்பு இருக்கிறது: அடுத்தவரின் வேகத்தைப் பார்த்துத் தன் வேகத்தைக் கூட்டுவது. அது முதல் ஐந்தில் உள்ளவரிடம் ‘ஒப்பிடாதே’ என்று சொல்லிப் பயனில்லை. ஓட்டப்பந்தயம், விற்பனை இலக்கு என்று அளவுகோல் தெளிவாக உள்ள இடத்தில் அந்த இயல்புக்கு வேலை கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது குடும்பத்துக்குள்ளும் நட்புக்குள்ளும் புகுந்து நிம்மதியைக் கெடுக்கும்.

எந்த இயல்புக்கும் இப்படி ஒரு நிழல் உண்டு. ‘ரெஸ்பான்சிபிலிட்டி’ மேலே உள்ளவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார். அதே ஆள் முடியாது என்று சொல்லத் தெரியாமல் பத்து வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு திணறுவார். ‘ஹார்மனி’ உள்ளவர் சண்டைக்கு நடுவிலும் பொதுவான இடத்தைக் கண்டுபிடிப்பார். சில நேரம் சொல்ல வேண்டிய கருத்தையும் விழுங்கிவிடுவார். இவர்கள் நன்றாகப் பேசுகிறவரைப் பார்த்து ஏங்குவது சகஜம். அந்தப் பேச்சாளர், இவர்களை நம்பித்தான் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகிறார் என்பது இவர்கள் கண்ணுக்குப் படுவதே இல்லை.

கேலப் சொல்லும் கணக்கு எளிது: இயல்பான திறமையை, அதில் போடும் உழைப்பால் பெருக்கினால் வருவதுதான் வலிமை. உழைப்பு பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். ரிப்போர்ட்டை ஒருமுறை படித்துப் பெருமைப்பட்டு மூடிவைக்கிறவர்களுக்கு நடப்பது இதுதான். செய்ய வேண்டியது: ஐந்து விளக்கங்களையும் அச்செடுத்து, ‘இது நான்தான்’ என்று படும் வரிகளுக்கு அடிக்கோடு போடுங்கள், பொருந்தாததை அடித்துவிடுங்கள். ஒவ்வொரு இயல்புக்கும் போன மாதம் நடந்த ஒரு நிகழ்ச்சியை எதிரே எழுதுங்கள். நிகழ்ச்சி எதுவும் நினைவுக்கு வராத இயல்பை, உங்களை நன்றாகத் தெரிந்த இருவரிடம் கேளுங்கள். பிறகு ஒரே ஒரு இயல்பை எடுத்து, நான்கு வாரம் ஒரே ஒரு வேலையில் வேண்டுமென்றே பயன்படுத்துங்கள். ஐந்தையும் ஒரே நேரத்தில் பிடித்தால் எதுவும் நிலைக்காது.

விசுவாசிகள் குழுவாக எடுக்கும்போது, மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் தாலந்து உவமையைச் சேர்த்துப் படிப்பது பொருத்தமாக இருக்கும். அதில் ஓர் எஜமான் தன் வேலைக்காரர்களிடம் தாலந்து என்ற பெருந்தொகைப் பணத்தை ஒப்படைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து கணக்குக் கேட்கிறான். ஐந்து தாலந்து பெற்றவனுக்கும் இரண்டு பெற்றவனுக்கும் எஜமான் சொல்லும் பாராட்டு, வார்த்தைக்கு வார்த்தை ஒன்றுதான். புதைத்து வைத்தவனிடமும் கேட்ட கணக்கு அவன் கையில் கொடுத்த ஒன்றுக்கு மட்டுமே. குழுவில் செய்யக் கூடாத காரியம், எல்லோருடைய முதல் ஐந்தையும் பெரிய அட்டவணையாகச் சுவரில் ஒட்டுவது. ஐந்து நிமிடத்தில் அது மதிப்பெண் பட்டியல் ஆகிவிடும். அதற்குப் பதில், ‘எந்த விஷயத்துக்கு இவரிடம் போவீர்கள்?’ என்று ஒவ்வொருவரைப் பற்றியும் மற்றவர்களைச் சொல்லச் சொல்லுங்கள்.

பணம் கட்ட யோசிக்கிறவர்கள் முதலில் வி.ஐ.ஏ. (VIA) என்ற இணையத் தேர்வை எடுக்கலாம். இலவசம்தான், 24 குணநலன்களை வரிசைப்படுத்துகிறது. ஆனால் அது பார்ப்பது நேர்மை, கருணை, நன்றியுணர்வு போன்ற குணங்களை. எந்த மாதிரி வேலை உங்களுக்கு இயல்பாக வரும் என்ற கேள்விக்கு நேரடியான விடை அதில் கிடைக்காது. கடைசியில் வரும் குணத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். நேர்மை 24-ஆவதாக வந்தால் நீங்கள் பொய்யர் என்று பொருளல்ல. உங்களிடம் மற்ற 23 குணங்களும் அதைவிட முந்தி நிற்கின்றன, அவ்வளவுதான்.

கிளிஃப்டனில் முதல் ஐந்து ரிப்போர்ட்டே தொடக்கத்துக்குப் போதும். 34-க்கும் உரிய முழு ரிப்போர்ட்டைப் பிறகு கூடுதல் பணம் கட்டித் திறந்துகொள்ளலாம். அதற்காக மறுபடி தேர்வு எழுத வேண்டாம். முதல் ஐந்தில் ஒன்றையாவது பழகிப் பார்க்கும் முன் முழுப் பட்டியலைத் திறந்தால், கண் நேராகக் கடைசி ஐந்துக்குத்தான் போகும்.