பிள்ளைகளுக்கு 'எலக்ட்ரிக் கிட்' வாங்குறீங்களா, கடையிலேயே எரியவிட்டுப் பாருங்க

என் மகள் ஏழாம் வகுப்பு. மின்சுற்றுப் பாடத்தைக் கையால் செய்து பார்த்தால் புரியுமே என்று திருநெல்வேலி டவுன் பக்கம் ஒரு கடையில் 480 ரூபாய்க்கு ஒரு கிட் வாங்கினேன். கடை பேரைக் கேட்காதீங்க, போடப்போவதில்லை. உள்ளே இரண்டு செல் வைக்கும் தட்டு, நாலு வயர், ஒரு வெள்ளை எல்.இ.டி., ஒரு துண்டுக் காகிதம். 'பக்க இணைப்பில் இரண்டு செல் சேர்ந்தால் 3 வோல்ட்' என்று காகிதத்தில் கூசாமல் அச்சடித்திருக்கிறார்கள். பக்க இணைப்பு என்றால் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்ப்பது.

எரியவே இல்லை. போன் பண்ணினால், "செல் வீக்கா இருக்கும் அண்ணாச்சி, புதுசு போட்டுப் பாருங்க." அதையும் வாங்கிப் போட்டாச்சு, அப்பவும் இல்லை. "எனக்குத்தான் செய்யத் தெரியலையோப்பா"ன்னு பிள்ளை கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியன் அண்ணாச்சி மீட்டர் வைத்துப் பார்த்தார், 1.58 வோல்ட், ஒரே ஒரு செல்லுக்கு உள்ள அளவுதான். பக்க இணைப்பில் எத்தனை செல் வைத்தாலும் வோல்ட் ஏறாது, கூடுதல் நேரம் தாங்கும், அவ்வளவுதான், வெள்ளை எல்.இ.டி.க்குக் கிட்டத்தட்ட 3 வோல்ட் வேண்டும், அது ஒன்றின் பிளஸ்ஸில் மற்றதன் மைனஸைச் சேர்க்கும் தொடர் இணைப்பில்தான் வரும் என்றார்.

இதைவிட மோசம் அந்தத் தட்டு. பக்க இணைப்புக்கு இந்தத் தட்டில் இரண்டு பிளஸ்ஸும் ஒரே பக்கம் இருக்கணும். காகிதத்துப் படத்தில் சரியாக இருக்கிறது, ஆனால் தட்டில் ஒட்டிய ஸ்டிக்கரில் ஒன்று தலைகீழ். மகள் ஸ்டிக்கரைப் பார்த்து மாற்றிப் போட்டுவிட்டாள். பல்பே மாட்டவில்லை, ஆனாலும் ஒரு செல்லிலிருந்து கிளம்பும் கரண்ட் இன்னொன்று வழியாகவே சுற்றி வந்து, கொஞ்ச நேரத்தில் தொட முடியாத சூடு, வயர் உறை கருகின வாடை வேறு. நல்லவேளை நான் பக்கத்தில் இருந்தேன்.

திருப்பிக் கொண்டுபோனால் "பிரிச்சதை எடுக்க மாட்டோம்" என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லலாம் என்றால், பில் என்று கொடுத்தது கடை பேர்கூட இல்லாத சீட்டு. வாங்கும்போதே ஒழுங்கான பில் கேட்காதது என் தப்பு.

அப்புறம் எலக்ட்ரீசியன் அண்ணாச்சியே பழைய டார்ச் பல்பு ஒன்றை மாட்டி, இரண்டு செல்லையும் சரியான பக்கம் வைத்துக் கொடுத்தார். மங்கலாகத்தான் எரிந்தது. மகள் ஒரு செல்லை உருவினாள், அணையவில்லை. திரும்பப் போட்டு மற்றதை உருவினாள், அப்பவும் அணையவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை, அதையேதான் செய்துகொண்டிருந்தாள்.