சாய்மனைக் கதிரை: மூன்றரை வருடம் இருந்து பார்த்தபின்

போன கிழமை பிரம்பு மாற்றி, கதிரை வீட்டுக்குத் திரும்பி வந்தது. கூலி 9,500 ரூபா. அன்று பின்னேரமே, ஒரு பள்ளிக்கூடத்தில் புதிதாக அதிபராகப் பொறுப்பெடுத்த தம்பி ஒருவர் அழைத்தார். "அண்ணை, காலமை ஏழு மணிக்கு உள்ளுக்குப் போனால் பிறகு ஒரு விசயத்தை முழுசா யோசிக்க விடுறாங்களில்லை. நீங்கள் அந்தக் கதிரையில இருந்துதான் எல்லாம் முடிவெடுக்கிறியளாம், மெய்யோ? நானும் ஒண்டு வாங்கட்டோ?" போனில் ஒழுங்கான பதில் சொல்ல வரவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

சாய்மனைக் கதிரை எப்படி இருக்கும் என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை, எல்லார் வீட்டு விறாந்தையிலும் ஒரு அப்பப்பா அதில் கிடந்து பேப்பர் படித்திருப்பார். என்னுடையது முதிரை மரம், பிரம்புப் பின்னல், காலைத் தூக்கிப் போடக்கூடிய நீளமான கைகள். 2022 மார்ச் கடைசியில், மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போன அந்த நாட்களில், வீட்டைக் காலி செய்து கொழும்புக்குப் போன ஒரு குடும்பத்திடம் 14,000 ரூபாவுக்கு வாங்கினேன். விறாந்தைக் காற்றுக்காகத்தான் வாங்கினேன், யோசிக்கிற எண்ணமெல்லாம் அப்போது கிடையாது.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பொது முகாமையாளர். பெற்றோல் நிலையம், கிராமிய வங்கி, அரிசிக் கடை, உரக் களஞ்சியம், நாற்பதுக்கு மேல் ஆட்கள். காலையில் கையில் எடுத்த போனை இரவு சாப்பிடும்போதுதான் வைப்பேன்.

சரி, குறைக்கு வருகிறேன். இந்தக் கதிரையில் இருந்து எழும்ப முடியாது. முதலில் கைகளில் கிடக்கிற கால்களை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும், பிறகு பின்பக்கத்தை அரக்கி அரக்கி முன்னுக்குக் கொண்டுவர வேண்டும், பிறகு இரண்டு கையையும் பிடித்து ஒருதரம் முன்னுக்கு ஆடி, முடியாமல் திரும்ப விழுந்து, இரண்டாம் தரம் ஆடி எழும்ப வேண்டும், அதற்குள் முழங்கால் ஒரு சத்தம் போடும். போன் உள்ளே அலுமாரிக்கு மேல் கிடக்கும். "இஞ்சருங்கோ, போன் அடிக்குது" என்று மனைவி சொல்லி, நான் எழும்பி, உள்ளே போய்ச் சேர அது நின்றுவிடும். முதல் இரண்டு மாதமும் இதே கூத்துத்தான். எனக்கு வந்த கோபத்தில் ஒருநாள் தச்சரைக் கூப்பிட்டு, இருக்கையை நிமிர்த்தித் தரமுடியுமா என்று கேட்டேன். அவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது எழும்புறதுக்குச் செய்த கதிரையில்லை" என்றார்.

அவர் போனபிறகு நானே பின்கால்களுக்குக் கீழே கட்டை வைத்தேன். நல்ல வசதி! நிமிர்ந்து இருக்கலாம், சட்டென்று எழும்பலாம், போனையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று வைத்தும்கொண்டேன். மூன்றாவது கிழமை ஒரு வியாபாரி அழைத்து, "இண்டைக்குச் சொன்னால்தான் இந்த விலை" என்றார். 200 மூட்டை சம்பா. நாலு நிமிடத்தில் ஓம் சொல்லிவிட்டேன். வந்த அரிசியில் பாதி பழசு, விலையும் அடுத்த கிழமை இறங்கிவிட்டது, மிச்ச மூட்டைகளில் வண்டு விழுந்து களஞ்சியக்காரப் பிள்ளை தினமும் வெயிலில் காயப்போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த வியாபாரி மேல் எனக்குக் கோபமில்லை, அவர் தன்ர தொழிலைச் செய்தார். அன்று இரவே கட்டைகளை எடுத்து அடுப்படிக்குள் போட்டேன். போனும் அலுமாரிக்கு மேல் திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு பின்னேரம் ஐந்தேகாலில் இருந்து ஆறு மணி வரை, விளக்கு வைக்கமுன், ஒரு சி.ஆர். கொப்பியோடு அதில் படுத்திருக்கிறேன். கொப்பியில் ஒரு நாளைக்கு ஒரு விசயம்தான். கேரி கிளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2007இல் எழுதிய ஒரு முறை: எடுக்கப் போகிற முடிவு ஏற்கனவே படுதோல்வியில் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று காரணங்களை எழுதுவது. அவர் அதைக் குழுவாகச் செய்யச் சொன்னவர், நான் தனியே செய்கிறேன், எங்கள் பணிப்பாளர் சபையோடு செய்தால் காரணத்தை விட்டுவிட்டு யார் காரணம் என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். சந்தியில் ஒரு வாடகைக் கட்டடத்தில் புதுக் கடை திறக்க இருந்தபோது "கடை மூடியாச்சு, ஏன்?" என்று மேலே எழுதிவிட்டுப் படுத்திருந்தேன். முதல் நாலு காரணமும் எல்லாருக்கும் தெரிந்தவை. ஐந்தாவது, அரை மணித்தியாலம் கழித்து வந்தது: கட்டடச் சொந்தக்காரர் கனடாவில், அவர் மகளின் கலியாணத்துக்கு ஊருக்கு வந்து கட்டடத்தை விற்கிறேன் என்றால்? ஐந்து வருடத்துக்குக் குறையாத எழுத்து ஒப்பந்தம் கேட்டோம், கொஞ்சம் முகம் சுளித்துத்தான் தந்தார்கள். மேசையில் இருந்திருந்தால் நாலாவது காரணத்தோடு எழும்பிப் போயிருப்பேன்.

பெரிய இடத்து ஆட்களுக்கும் இதே பாடுதான் போல. ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் மைக்கேல் போர்ட்டரும் நிதின் நோரியாவும் 27 பெரிய கம்பனித் தலைவர்களின் நேரத்தை ஆளுக்கு 13 கிழமை, இரவு பகலாகக் கணக்கெடுத்து 2018இல் வெளியிட்டார்கள். வேலை நேரத்தில் 72 சதவீதம் கூட்டங்கள், தனியே இருப்பது 28 சதவீதம், அதிலும் பெரும்பகுதி ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படாத துண்டுகள். படித்தபோது அனுதாபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. 28!

நியாயத்துக்கு மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். 2022 யூன் மாதம், எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வரமுந்திய நாட்கள், பெற்றோல் வரிசை எங்கள் நிலையத்தில் இருந்து அடுத்த சந்தியையும் தாண்டி நின்றது. நான் இதில் படுத்திருந்த நேரம் பெற்றோல் கொண்டுவருகிற பவுசர் வந்திருக்கிறது. பொறுப்பாளர் கையொப்பம் போடப் பயந்து ஏழு தரம் அழைத்திருக்கிறார், வீட்டில் வேறு ஆளில்லை, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நித்திரை. (யோசிக்கிறேன் என்று சொல்கிற நாட்களில் மூன்றில் ஒன்று நித்திரைதான், மறைக்க என்ன இருக்கிறது.) இரண்டு நாளாக வரிசையில் நின்ற சனம் மேலும் முக்கால் மணித்தியாலம் வெயிலில் பவுசரைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் போய் இறங்கியபோது கேட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது, அவ்வளவும் நியாயமான வார்த்தைகள். அடுத்த நாள் காலையிலேயே பொறுப்பாளருக்குக் கையொப்ப அதிகாரத்தை எழுத்தில் கொடுத்தேன். நான் வேலையைப் பொறுப்பெடுத்த முதல் வருடமே கொடுத்திருக்க வேண்டியது. இப்போதெல்லாம் ஆறு மணிக்குப் போனை எடுத்துப் பார்த்தால், தவறிய அழைப்புகளில் பாதிக்கு மேல் "அது முடிஞ்சுது ஐயா" என்கிற அழைப்புகள்தான்.

அப்புறம் நுளம்பு. கார்த்திகை, மார்கழியில் மழை விட்ட பின்னேரங்களில் பிரம்பு ஓட்டைக்குள்ளால் கீழே இருந்து கடிக்கும். எங்கள் பக்கம் டெங்கு கூடுகிற காலமும் அதுதான். மேலே போர்த்தி ஒரு பிரயோசனமும் இல்லை, ஒரு பழைய சாரத்தை விரித்துவிட்டுப் படுக்கவேண்டும், விரித்தால் காற்று வராது, காற்றுக்காகத்தானே வாங்கினேன். பிரம்பு மூன்றரை வருடத்தில் நடுவில் தொய்ந்து, முதுகெலும்பு சட்டத்தில் முட்டத் தொடங்கியபிறகுதான் பின்னக் கொடுத்தேன். புதுப் பிரம்பு இன்னும் விறைப்பாக இருக்கிறது, எழும்பினால் முதுகு முழுக்கக் கட்டம் கட்டமாக அச்சு.

தம்பிக்கு நான் சொல்வது: வாங்காதே. உன்ர பள்ளிக்கூடத்தில் கையொப்பம் போடக்கூடிய இரண்டாவது ஆள் இன்னும் இல்லை, அந்த நிலையில் இதில் படுத்தால் எனக்கு நடந்த பவுசர் கதைதான் உனக்கும் நடக்கும். முதலில் பிரதி அதிபரிடம் எதெதைக் கொடுக்கலாம் என்று ஒரு கொப்பியில் எழுது, அதற்குச் சாதாரணக் கதிரை போதும். 14,000 ரூபா, இப்போது அதைவிடக் கூடவும் கேட்பார்கள், கூலி வேறு, நுளம்பு வேறு, முழங்கால் வேறு. நேற்று வீட்டுக்கு வந்து இருந்து பார்த்துவிட்டு, "அப்ப அண்ணை, இதை எனக்குத் தாறியளோ?" என்று கேட்டார். தரமாட்டேன்.

பிரம்பு பின்னுகிறவரின் இலக்கம் கேட்கப் போகிறவர்களுக்கு: கொடுத்துப் பிரயோசனமில்லை, அவர் போன் எடுப்பதில்லை. காலை எட்டு மணிக்கு முன் பட்டறைக்கு நேரில் போகவேண்டும்.