இரண்டாவது மூக்கு அறுவை: மூன்று வருடம் கழித்து

2021 டிசம்பரில் எனக்கு இரண்டாவது முறையாக மூக்கில் அறுவை நடந்தது. மூன்று வருடம் தாண்டிவிட்டது. இப்போது வாயை மூடிக்கொண்டு தூங்குகிறேன், காலையில் தொண்டை வறண்டு எழுந்திருப்பதில்லை. இதை முதலில் சொல்லக் காரணம், நான் பட்ட பாட்டுக்கு எனக்குக் கிடைத்த பெரிய பலன் இதுதான். அழகு அப்புறம்தான்.

முதல் அறுவை 2018-இல். மூக்குத் தண்டில் இருந்த சின்ன மேட்டை எடுக்கப் போனேன். கட்டுப் பிரித்தபோது நன்றாகவே இருந்தது. வீக்கம் வடிய வடிய, தண்டின் இரண்டு பக்கமும் குழிந்து, தலைகீழ் ‘வி’ போல ஒரு நிழல் தெரிந்தது. வலது பக்கம் மூச்சும் அடைத்தது. சளி என்று நினைத்து மாதக்கணக்கில் ஆவி பிடித்தேன். செய்தவரிடம் போனால், “வீக்கம்தான், போகப் போகச் சரியாகும்” என்பார். நுனி வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும் என்பது உண்மைதான். ஆனால் மூச்சு அடைக்கிறது என்று சொன்னவளின் மூக்குக்குள் ஒரு தடவை கூட அவர் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது டாக்டர் என் பழைய போட்டோக்களைக் கூடப் பார்க்காமல், கன்னத்தில் விரலை வைத்துப் பக்கவாட்டில் இழுக்கச் சொன்னார். “இப்ப மூச்சு விட்டுப் பாருங்கம்மா.” காற்று சட்டென்று உள்ளே போனது. அங்கேயே அழுதுவிட்டேன். மேட்டை எடுத்தபோது பக்கக் குருத்தெலும்புகளுக்கு இருந்த பிடிமானம் போய், அவை உள்ளே சரிந்திருக்கின்றன. மூக்கில் காற்று போகும் வழியிலேயே மிகக் குறுகலான இடம் அதுதான். கொஞ்சம் சரிந்தாலும் அடைத்துவிடும். மூக்கின் இரண்டு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவருக்கும் பக்கக் குருத்தெலும்புக்கும் இடையில் குருத்தெலும்புப் பட்டைகள் வைத்து அகலப்படுத்த வேண்டும் என்றார். ஸ்ப்ரெடர் கிராஃப்ட் என்று பெயர்.

பட்டைக்குக் குருத்தெலும்பு வேண்டுமே! நடுச்சுவரிலிருந்து எடுக்கக்கூடியதை முதல் தடவையே எடுத்துவிட்டார்கள். காது குருத்தெலும்பு மெல்லியது, வளைவானது, என் மூக்கைத் தாங்காது. எனவே விலா. வயது ஏற ஏற விலாக் குருத்தெலும்பு கெட்டிப்பட்டுவிடும் என்பதால் முதலில் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள்.

மூக்கை விட விலாதான் வலித்தது. மூன்று வாரம் இருமவும் சிரிக்கவும் பயந்தேன். மந்தைவெளியில் ஆட்டோ ஒவ்வொரு வேகத்தடையில் ஏறும்போதும் கையால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வேன். மூக்குக் கண்ணாடி தண்டில் உட்காரவே கூடாது என்றார்கள். ஒன்றரை மாதம் அதை நெற்றியில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைத்துத்தான் ஆபீஸ் வேலை பார்த்தேன். நம் ஊர் மே மாத வியர்வையில் அந்த பிளாஸ்திரி நிற்காது, டிசம்பரில் செய்துகொண்டது நல்லதாகப் போயிற்று. ஆனால் போகிப் புகையை மறந்துவிட்டேன். அன்று ஜன்னல், கதவு எல்லாம் அடைத்து, காய்ச்சி ஆற வைத்த உப்புநீரில் நாலைந்து தடவை மூக்கைக் கழுவினேன்.

காப்பீட்டில் எனக்கு ஒரு பைசா வரவில்லை. நகையை வைத்துத்தான் கட்டினேன்.

மூன்று வருடத்தில் என்ன மாறியது? முதல் ஆறு மாதம் நுனி மரத்தே கிடந்தது, பிறகு மெதுவாக உணர்வு திரும்பியது. அந்த ‘வி’ நிழல் போய்விட்டது. ஆனால் விலாக் குருத்தெலும்பு மெல்ல வளையக்கூடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இரண்டாவது வருடத்தில் தண்டு இடப்பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்தது. மறுபடி தொட வேண்டாம் என்று டாக்டரும் நானும் சேர்ந்தே முடிவு செய்தோம். விரலால் அழுத்தினால் மூக்கு முன்பு போல நெகிழாது, கொஞ்சம் விறைப்பாகவே இருக்கும். சிரிக்கும்போது எனக்கு அது தெரியும், பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்துத்தான் மூக்குத்தி போட அனுமதித்தார்கள். அம்மா ஆசையாக எடுத்து வைத்திருந்த ஏழுகல் பேசரி கனம் அதிகம். அதனால் ஒற்றைக்கல்தான் போட்டிருக்கிறேன்.

இரண்டாவது அறுவைக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஒரு வருடமாவது பொறுங்கள். அதற்குள் முதல் அறுவையின் ஆபரேஷன் குறிப்பைக் கேட்டு வாங்கிவிடுங்கள். எனக்கு மூன்று தடவை அலைந்த பிறகுதான் கொடுத்தார்கள். நடுச்சுவரில் குருத்தெலும்பு மிச்சமில்லை என்பதே அதைப் படித்தபோதுதான் தெரிந்தது.