ஜட்ஜ் 360, சோட்டோ 765: பேஸ்பால் கான்ட்ராக்ட் விலையை எந்தக் கணக்குல பாக்கறது?

ஒரு பேஸ்பால் ப்ளேயருக்கு எவ்வளவு குடுக்கலாம்னு பேச்சு வந்தாலே ரெண்டு கோஷ்டி கிளம்பிரும். ஒண்ணு வார் (WAR) கணக்கு போடற கோஷ்டி, இன்னொண்ணு "அவனுக்கு அவ்வளவு குடுத்தாங்கல்ல, அப்ப இவனுக்கு?"ன்னு கேக்கற கோஷ்டி. ரெண்டையும் ஆரோன் ஜட்ஜ், ஹுவான் சோட்டோன்னு ரெண்டு பெரிய பேட்டர்ங்க மேல போட்டுப் பாத்தா எது எங்க உதவுது எங்க சறுக்குதுன்னு நல்லாவே தெரியுது.

முதல்ல வார். மைனர் லீக்ல இருந்து குறைஞ்ச சம்பளத்துக்கு தூக்கிட்டு வர்ற ஒரு சுமாரான ஆளுக்கு பதிலா இவர் ஆடுனா சீசன்ல டீமுக்கு எத்தனை வெற்றி கூட வரும், அதான் வார். ஃப்ரீ ஏஜென்ட் மார்க்கெட்ல, அதாவது கான்ட்ராக்ட் முடிஞ்சு எந்த டீமுக்கு வேணா போகலாம்னு இருக்கற ஆளுங்களுக்கு, ஒரு வாருக்கு சுமாரா 8, 9 மில்லியன் டாலர்னு வெச்சுக்குவாங்க, 30 வயசு தாண்டுனா வருஷத்துக்கு அரை வார் கழிச்சுக்கணும், அவ்வளவுதான், பேப்பரும் பேனாவும் போதும்.

ஜட்ஜை எடுங்க. 2022 சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவரோட டீம் யாங்கீஸ் 7 வருஷத்துக்கு 213.5 மில்லியன் தர்றோம்னாங்க, அவர் வேண்டாம்னுட்டாரு. அன்னிக்கு 5 வார்ல ஆரம்பிச்சு வருஷா வருஷம் அரை கழிச்சுட்டு வந்தா 7 வருஷத்துக்கு 24.5 வார், 8 மில்லியன் வீதம் 196 மில்லியன். அதாவது யாங்கீஸ் ஒண்ணும் கஞ்சத்தனம் பண்ணல. ஆனா அந்த சீசன்ல மனுஷன் 62 ஹோம் ரன் அடிச்சு, 1961ல ரோஜர் மாரிஸ் வெச்ச 61ஐத் தாண்டி அமெரிக்கன் லீக் ரெக்கார்டே போட்டுட்டாரு, வார் 10க்கு மேல போயிருச்சு, டிசம்பர்ல அதே யாங்கீஸ் 9 வருஷத்துக்கு 360 மில்லியன் குடுத்தாங்க. இப்ப 7 வார்ல ஆரம்பிச்சுப் பாருங்க, 9 வருஷத்துக்கு மொத்தம் 45 வார், 8ஆல பெருக்குனா டாண்ணு 360.

பாக்க ஜோரா இருக்குல்ல? ஆனா அந்த 7ஐ வெச்சது நான். 6ன்னு ஆரம்பிச்சிருந்தா வெறும் 288தான் வரும், ஆரம்பத்துல ஒரே ஒரு வார் மாறுனதுக்கே 72 மில்லியன் காலி.

சோட்டோ விஷயத்துல இது இன்னும் மோசம். 2024 டிசம்பர்ல மெட்ஸ் டீம் அவருக்கு 15 வருஷம் 765 மில்லியன் குடுத்தாங்க, அப்ப வயசு 26தான். 6.5 வார்ல ஆரம்பிச்சு 5 வருஷம் அப்படியே விட்டு, அப்புறம் அரை அரையா கழிச்சா மொத்தம் 70 வார், ஒரு வாருக்கு 9 மில்லியன்னு தாராளமா போட்டாலும் 630தான் வருது. சரி, வாரோட விலையும் வருஷத்துக்கு 3 சதவீதம் ஏறும்னு சேத்துக்குவோம்னா 745 பக்கம் எகிறிருது! விடையை முதல்ல தெரிஞ்சு வெச்சுக்கிட்டு கணக்கை அதுக்கு ஏத்த மாதிரி வளைக்கற ஆளுங்களுக்கு இது ரொம்ப வசதி.

அடுத்தது ஒப்பிட்டு விலை சொல்றது, பக்கத்து மனை என்ன விலைக்குப் போச்சுன்னு கேட்டுட்டு நம்ம மனைக்கு ரேட் சொல்ற மாதிரி. இதைக் கேவலமா நினைக்க வேணாம், சம்பளத் தகராறைத் தீக்கற ஆர்பிட்ரேஷன்ல டீம் ஒரு தொகை, ப்ளேயர் ஒரு தொகை சொல்லி, நடுவர் குழு ரெண்டுல ஒண்ணை மட்டும்தான் எடுக்கணும்ங்கறப்ப, ரெண்டு தரப்பும் தூக்கிட்டு வர்றது இதே மாதிரி ஆடுன மத்தவங்களோட சம்பளத்தைத்தான். சோட்டோ கையில பெரிய சீட்டு ஒண்ணு இருந்துச்சு: 2023 டிசம்பர்ல ஷோஹெய் ஓட்டானிக்கு டாட்ஜர்ஸ் குடுத்த 10 வருஷம் 700 மில்லியன்.

ஆனா அந்த 700 நிஜமான 700 இல்லையே. ஓட்டானி வருஷத்துக்கு 2 மில்லியன் மட்டும் வாங்கிக்கிட்டு மீதி 68 மில்லியனை வட்டியே இல்லாம 2034ல இருந்து 2043 வரைக்கும் தள்ளி வெச்சுட்டாரு, அதனால லக்ஸரி டாக்ஸ் (டீமோட மொத்த சம்பளம் வரம்பு தாண்டுனா கட்டற வரி) கணக்குல அது வருஷத்துக்கு சுமார் 46 மில்லியன்தான். மெட்ஸ் குடுத்ததுல தள்ளி வெச்சது ஒரு பைசா கிடையாது, வருஷத்துக்கு 51 மில்லியன், அதுவும் 15 வருஷம். தலைப்புச் செய்தியில ரெண்டுக்கும் 65 மில்லியன்தான் வித்தியாசம், இன்னிக்கு மதிப்புக்கு மாத்திப் பாத்தா கிட்டயே வராது. இதைக் கவனிக்காம ஒப்பிட்டா மொத்தமும் தப்பாயிரும்.

சோட்டோவுக்குப் போட்டியா யாங்கீஸ் சொன்னது 16 வருஷம் 760 மில்லியன். மொத்தத்துல 5 மில்லியன்தான் கம்மி, ஆனா வருஷத்துக்குப் பாத்தா 47.5, மெட்ஸ் 51. அதுக்கு மேல மெட்ஸ் டீல்ல 75 மில்லியன் சைனிங் போனஸ், 2029 முடிஞ்சதும் கான்ட்ராக்டை முறிச்சுட்டு வெளிய போக ஆப்ட் அவுட், அதை மெட்ஸ் தடுக்கணும்னா மிச்ச 10 வருஷத்துக்கும் வருஷத்துக்கு 4 மில்லியன் ஏத்தணும், மொத்தம் 805 ஆயிரும். இந்த ஆப்ட் அவுட்டுக்கு என்ன விலைன்னு வார் கணக்கும் சொல்லாது, ஒப்பீடும் சொல்லாது. நல்லா ஆடுனா அவருக்கு லாபம், சொதப்புனா ரிஸ்க் டீமுக்கு, அவ்வளவு சாதகமான ஷரத்து அது.

என்னைக் கேட்டா 30 தாண்டின பேட்டருக்கு வார் கணக்கைத்தான் நம்புவேன், ஏன்னா ஒப்பீடு பழைய தப்பையும் சேத்து காப்பி அடிக்கும். 2011ல ஏஞ்சல்ஸ் ஆல்பர்ட் புஹோல்ஸுக்கு 10 வருஷம் 240 மில்லியன் குடுத்துட்டு 2021 மே மாசம் சீசன் பாதியிலயே அனுப்பி வெச்சாங்க, அந்த மாதிரி டீலை அளவுகோலா வெச்சா டீம் திவால்தான். 26 வயசுல ஃப்ரீ ஏஜென்ட்டா வர்ற ஆளுக்கு நேர்மாறு. அப்படி ஆளே அபூர்வம், ரெண்டு பணக்கார டீம் மல்லுக்கட்டுனா வார் கணக்கு அடிமட்ட விலையை மட்டும்தான் காட்டும், மேல எவ்வளவு போகும்ங்கறது ஏலம்.

பந்து எறியற பிட்சருக்கு? ரெண்டையும் பாதி விலைக்குத்தான் நம்பணும். ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 2019ல வேர்ல்ட் சீரிஸ் எம்விபி வாங்குன சூட்டோட நேஷனல்ஸ்கிட்ட 7 வருஷம் 245 மில்லியனுக்கு கையெழுத்துப் போட்டாரு, எந்தக் கணக்குல பாத்தாலும் அன்னிக்கு நியாயமான விலைதான். அதுக்கப்புறம் காயத்துக்கு நடுவுல அவரால எறிய முடிஞ்சது மொத்தமே 8 மேட்ச்.