உங்கள் வடிவத்தை அடுத்தவர் கணக்கில் ஏற்றாதீர்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளைக் கற்றுக்கொண்டு, ஆன்லைன் விளையாட்டுகளில் பாத்திரங்கள் அணியும் தொப்பி, உடை, நகை என்று செய்யும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். "உன் பொருளை என் கணக்கில் ஏற்றி விற்றுத் தருகிறேன், வருவதில் பாதி உனக்கு" என்று யார் வந்து சொன்னாலும் கணினிக் கோப்பைக் கையில் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டுப் பெண்ணை அந்த வார்த்தையைச் சொல்லித்தான் ஏமாற்றினார்கள்.

எங்களுக்கு நாகர்கோவிலில் உள்ள வடசேரி. பரதநாட்டியம் ஆடுபவர்கள் அணியும் கோயில் நகை செய்வது குடும்பத் தொழில். வெள்ளியில் கெம்புக் கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டிச் செய்யும் இந்த வேலைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கல்லூரியில் படிக்கும் என் சித்தப்பா மகள், பட்டறையில் இருந்த சூரியப் பிரபை, சந்திரப் பிரபை, ஜிமிக்கி, ஒட்டியாணம் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணினியில் வடித்தாள். அவற்றில் பின்னந்தலையில் அணியும் ராக்கொடிதான் அழகு. நடுவில் அன்னம், சுற்றிலும் சிவப்புக் கற்கள். அதில் ஒரு கல் மட்டும் சற்றுச் சாய்ந்திருக்கும். தாத்தா செய்த பழைய ராக்கொடியில் அந்தக் கல் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. அவளும் நேராக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

அவள் விற்க நினைத்த தளத்தில் யார் வேண்டுமானாலும் விளையாடலாம், வாங்கலாம். விற்பவருக்கு மட்டும் ஆயிரம் நிபந்தனை. மாதச் சந்தா கட்ட வேண்டும். ஒவ்வொரு பொருளை ஏற்றவும் தனிக் கட்டணம். அது விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டியது போனதுதான். இவற்றைக்கூடச் சமாளித்துவிடலாம். அடையாளச் சரிபார்ப்பில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம்; அதைக் காலியாக விட முடியாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஆதாரில் இருப்பது பெயரும் ஒரு முன்னெழுத்தும்தான். அப்பா பெயரை முழுதாக எழுதினால் அட்டையோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். முன்னெழுத்தை மட்டும் போட்டால் அது பெயரே இல்லை என்றார்கள். கோடிக்கணக்கான தமிழர்களின் பெயர் இப்படித்தான் இருக்கிறது. அதற்கு இடம் தராத படிவத்தை வைத்துக்கொண்டு, எங்கள் சந்தை எல்லாருக்கும் பொது என்று சொல்வது அநியாயம்.

தரகர்கள் பிழைப்பது இந்த இடுக்கில்தான். நாகர்கோவிலில் அனிமேஷன் பயிற்சி மையம் நடத்தும் ஒருவர், தன்னிடம் சரிபார்க்கப்பட்ட கணக்கு இருப்பதாகச் சொன்னார். "அண்ணன் பார்த்துக்கொள்கிறேன் தங்கச்சி, நீ படிப்பைக் கவனி" என்று கனிவாகத்தான் பேசினார். பதிவுக் கட்டணம் என்று 8,000 ரூபாய் வாங்கினார். விற்பனைக்குத் தேவையான கோப்பு மட்டும் போதாது, திருத்தம் செய்ய மூலக் கோப்பும் வேண்டும் என்று அதையும் வாங்கிக்கொண்டார்.

பாதி என்பது கேட்க இனிக்கிற பங்கு. வால்வ் நிறுவனம் 2011-இல் ஸ்டீம் ஒர்க்‌ஷாப்பைத் தொடங்கி, டீம் ஃபோர்ட்ரஸ் 2 விளையாட்டுக்கு ரசிகர்கள் செய்த பொருள்களை விற்றபோது, செய்தவருக்குக் கிடைத்தது 25 சதவீதம். அந்தக் கணக்கைப் பார்த்தவர்களுக்குப் பாதி என்றால் பெரிதாகத்தான் தோன்றும். ஆனால் எதில் பாதி? தளம் தன் பங்கை எடுத்த பிறகா, முன்பா? எழுத்தில் எதுவும் இல்லை.

ராக்கொடி விற்றது. வாங்கியவர்கள் அதை அணிந்து விளையாடுவதை அவளே பார்த்தாள். பயிற்சி மையம் நடத்துபவரிடம் பணம் கேட்டபோது, விற்ற காசைத் தளம் சில நாள் நிறுத்தி வைக்கும் என்றார். அது உண்மை. பிறகு, விளையாட்டுக்குள் செல்லும் அந்தக் காசு குறிப்பிட்ட அளவு சேர்ந்தால்தான் ரொக்கமாக மாற்ற முடியும் என்றார். அதுவும் இத்தகைய தளங்களில் உள்ளதுதான். உண்மையைச் சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினார். கடைசியில், மத்திய அரசின் புதிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தால் பணம் முடங்கிவிட்டது என்றார். இது பச்சைப் பொய். 2025 ஆகஸ்டில் வந்த அந்தச் சட்டம் தடை செய்வது, காசு கட்டி ஆடிக் காசு வெல்லும் ஆட்டங்களை. நகை வடிவம் செய்து விற்ற பெண்ணுக்குச் சேர வேண்டிய கூலியை அது தொடவில்லை.

தளத்துக்கு எழுதினோம். யார் கணக்கில் ஏற்றப்பட்டதோ அவரே படைப்பாளர் என்று பதில் வந்தது. சாய்ந்த கல்லோடு அந்த ராக்கொடி இன்றும் அவர் பெயரில் விற்றுக்கொண்டிருக்கிறது.

இந்திய சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பைச் செய்த உடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. அதற்குப் பதிவு கட்டாயமில்லை. செய்தவர் யார் என்று காட்டத்தான் சான்று வேண்டும். எனவே முதல் கோட்டிலிருந்து ஒவ்வொரு கட்டத்தையும் தேதியோடு சேமித்து வையுங்கள். பணம் பறிபோனது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். தாமதித்தால் கைமாறிய பணத்தை முடக்குவது கடினம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. பிள்ளைகள் இதற்கெல்லாம் பயப்படுகிறார்கள். விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் அவர்களைத்தான் திட்டுகிறோம், ஏமாற்றியவர் தப்பிவிடுகிறார்.

நாங்கள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறோம். இதே முறையில் பணமும் கோப்பும் கொடுத்துக் காத்திருக்கும் மற்ற பெற்றோர்களும் எங்களோடு சேருங்கள். பணம் அனுப்பிய ரசீது, அவற்றை வாங்கியவரோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடல், மூலக் கோப்பு, இந்த மூன்றையும் அழிக்காமல் எடுத்து வாருங்கள்.