மங்கிய டயலா, பளிச்சென்ற டயலா? பழைய வாட்ச் வாங்கும்போது எதை நம்பலாம்

1960களில் வந்த ஒமேகா சீமாஸ்டர் என்ற ஸ்விஸ் வாட்ச், ஒரே மாடலில் மூன்று விற்பனைக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் டயல் மங்கி, ஓரமெல்லாம் புள்ளி விழுந்திருக்கிறது. இன்னொன்று புதுசு மாதிரி மின்னுகிறது. மூன்றாவதில் கம்பெனி சர்வீஸிலேயே டயலையும் முள்ளையும் மாற்றிவிட்டார்கள். கண் முதலில் போவது மின்னுகிறதின் மேல்தான். அசல் வாட்ச் வேண்டுமென்றால் கடைசியாக யோசிக்க வேண்டியதும் அதுதான்.

ஏனென்றால் அப்படி மின்னும் டயல் பெரும்பாலும் மறுபடி பெயின்ட் அடித்து, எழுத்தைப் புதிதாக அச்சிட்டதாக இருக்கும். பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பாருங்கள். அசல் அச்சில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும், தடிமன் எங்கும் சீராக இருக்கும். மறு அச்சில் எழுத்து சற்றுக் கொழுத்திருக்கும், நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக வராது. ஆறு மணிக்குக் கீழே உள்ள ‘ஸ்விஸ் மேட்’ கோணலாக இருக்கும், சிலவற்றில் காணாமலே போயிருக்கும். நல்ல கைகாரர் செய்தது என்றால் இதெல்லாம் லேசில் பிடிபடாது. அதே மாடலின் சந்தேகமில்லாத அசல் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே வழி.

மங்கிய வாட்ச்சுக்கு என் ஓட்டு. ஆனால் மங்கியிருப்பது மட்டும் சாட்சி ஆகாது. டயலும் முள்ளும் சேர்ந்து வயதாகியிருக்க வேண்டும். இதை இருட்டில் ஒளிரும் பூச்சில் பார்க்கலாம். கதிர்வீச்சால் பூச்சை ஒளிர வைக்கும் பொருட்கள் ரேடியமும் டிரிடியமும். அந்தக் காலத்தில் ரேடியத்தின் இடத்துக்கு டிரிடியம் வந்துகொண்டிருந்தது. டிரிடியம் இருந்தால் பல டயல்களில் ‘ஸ்விஸ் மேட்’ இருபுறமும் ‘டி’ எழுத்து நிற்கும். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 12.3 ஆண்டுகள், 60 ஆண்டில் நூற்றில் மூன்று பங்கு அளவுக்குத்தான் மிஞ்சும். பூச்சில் ஒளிரும் பொருளும் கதிர்வீச்சில் கெட்டுப்போயிருக்கும். அதனால் டார்ச் அடித்து அணைத்த பிறகும் நெடுநேரம் ஒளிர்ந்தால் பூச்சு பெரும்பாலும் புதிது. முள்ளில் வெள்ளை, டயலில் பழுப்பு என்றால் முள் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். சிறு நிற வேறுபாடு இயல்புதான், அதற்குப் பயப்பட வேண்டாம். ரேடியம் என்றால் மட்டும் எச்சரிக்கை: ஒளி செத்துப்போனாலும் கதிர்வீச்சு போகாது. பின்மூடியை நீங்களே திறக்காதீர்கள், பூச்சைச் சுரண்டவே சுரண்டாதீர்கள்.

மூன்றாவது வாட்ச்சில் ஏமாற்று இல்லை. கம்பெனி பாகம்தான், ஆனால் பிறந்தபோது இருந்தது அல்ல. கழற்றிய பழைய டயலையும் முள்ளையும் சேர்த்தே கொடுத்தால் அதன் மதிப்பு தனி.

இதோடு முடியவில்லை, கேஸையும், அதாவது வாட்ச்சின் வெளிக்கூட்டையும், பார்க்க வேண்டும். பாலிஷ் போட்டுப் போட்டு, ஸ்ட்ராப் மாட்டும் காதுகளின் விளிம்பு மழுங்கிப் போயிருக்கும். பின்மூடியில் கடல்குதிரைச் சின்னம் இருந்தால் அதன் செதில்கள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். வழவழவென்று தேய்ந்திருந்தால் நிறைய உலோகம் போய்விட்டது, அது திரும்பி வராது. மங்கிய வாட்ச்சின் கேஸ் இப்படித் தேய்ந்து, சர்வீஸ் டயல் வாட்ச்சின் கேஸ் கூர்மையாக இருந்தால், நான் சர்வீஸ் டயலையே எடுப்பேன். பழைய டயலைத் தேடிப் பிடிக்க முடியும், தேய்ந்த கேஸை என்ன செய்ய?

நாலாவதாக ஒரு ரகம் உண்டு: பாகம் எல்லாமே அசல், ஆனால் பல வாட்ச்சிலிருந்து எடுத்துச் சேர்த்தது. ஜப்பானின் சீகோ வாட்ச்சில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். 6139 வகை என்றால் பின்மூடி எண்ணும், டயல் முகத்தின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் உள்ள எண்ணும் 6139 என்றே தொடங்க வேண்டும். வரிசை எண்ணின் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். ஒமேகாவில் வரிசை எண் மெஷினிலும், மாடல் எண் பின்மூடியின் உட்புறத்திலும் இருக்கும். அதனால் மூடியைத் திறந்து எடுத்த படம் கேளுங்கள், டயலின் கீழ் ஓர எழுத்து தெரியும்படி இன்னொன்றும் கேளுங்கள். இரண்டையும் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.